மிதித்த காலுக்கடியில் மெல்ல இறங்கும் பிரேக் பெடல்: பழைய டிஎக்ஸ் வாகன் பற்றிய கேள்விக்கு ஒரு விரிவான பதில்

விசுவமடுவிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய தகப்பனார் வைத்திருந்த 1983ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வாகன் நான்கு வருடம் கொட்டிலில் நின்றுவிட்டு இப்போது மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் கீழே போகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் உயரத்திலேயே பிடிக்கிறது. புகையிரதக் கடவையில் பெடலில் காலை வைத்தபடி காத்து நின்றால், அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. பிரேக் ஒயில் போத்தலில் அளவு குறையவில்லை. ஒரு கராஜில் மாஸ்டர் பம்புக்கு றப்பர் கிட் மாற்றினார்கள். இரண்டு கிழமை நன்றாக இருந்து பழையபடி ஆகிவிட்டது. இன்னொரு கராஜில் மாஸ்டரையும் பூஸ்டரையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இவர்களில் யார் சொல்வதை நம்புவது என்பது அவர் எழுதிய கேள்வி. உண்மையான பிழை எங்கே இருக்கிறது என்பது அதற்குள் இருக்கும் கேள்வி. அதே காரில் வவுனியாவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வரலாமா என்று கடைசி வரியில் கேட்டிருப்பதுதான் மூன்றிலும் பெரியது.

நான் 1988இல் கிளிநொச்சியில் என் மாமாவின் கராஜில் சாவி எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவன். இடையில் இடம்பெயர்ந்த காலங்களில் மரத்தடியிலும் வேலை செய்திருக்கிறேன். என் கை பழகியது முன்சில்லுக்கு டிஸ்க்கும் பின்சில்லுக்கு டிரம்மும் உள்ள பழைய யப்பான் கார்களிலும் வான்களிலும்தான்; சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் பூட்டிய வாகனங்களுக்கு நான் இங்கே சொல்வதில் சில பொருந்தா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தார்கள் என்பதால், ஒதுக்கி வைத்திருந்த எத்தனையோ பழைய வாகனங்களை எங்கள் பக்கத்தில் ஆட்கள் தட்டி எழுப்பி ஓட்டுகிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி ஒருவருடையது மட்டுமல்ல. காரைப் பார்க்காமல், பெடலில் என் காலை வைக்காமல் சொல்கிறேன் என்பதால், எது நிச்சயம், எது என் ஊகம் என்பதை அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமானதிலிருந்து தொடங்குகிறேன். பிரேக் ஒயில் அமுக்கினால் சுருங்காது. பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் பம்புக்குள் இருக்கும் பிஸ்டன் ஒயிலைத் தள்ளுகிறது. அந்த ஒயில் பைப் வழியாகப் போய் முன்னால் பேடையும் பின்னால் லைனரையும் அழுத்துகிறது. இரண்டும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் முட்டியபின் ஒயிலுக்குப் போக இடமில்லை, பெடலும் அத்தோடு நின்றுவிட வேண்டும். நிற்காமல் கீழே போகிறது என்றால், அந்த ஒயில் போகக்கூடாத ஓரிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதே பொருள். அது மூன்று இடமாகத்தான் இருக்க முடியும்: எங்கோ வெளியே கசிகிறது, அல்லது மாஸ்டருக்குள்ளேயே றப்பரைத் தாண்டிப் பின்னோக்கிப் போத்தலுக்குத் திரும்புகிறது, அல்லது இருக்கக்கூடாத ஒரு வெற்றிடத்தை, அதாவது லைனருக்கும் டிரம்முக்கும் இடையே உள்ள அதிக இடைவெளியையோ, பைப்பில் தங்கிய காற்றையோ, ஊதிப் பெருக்கும் பழைய ஹோஸையோ நிரப்புகிறது. எந்தச் சாமானை மாற்றுவது என்று கேட்பதற்கு முன்னால் ஒயில் எங்கே போகிறது என்று கேட்டால், பழைய கார்களில் அரைவாசிச் செலவு மிச்சமாகும்.

இந்த மூன்றிலும் பூஸ்டருக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். பூஸ்டர் எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு உங்கள் காலுக்குப் பலம் சேர்க்கும் ஒரு சட்டி, அவ்வளவுதான். அது பழுதானால் பெடல் கல்லுப்போல இறுகும், காரை நிறுத்த முழுப்பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டி வரும். பெடல் கீழே இறங்காது. உங்கள் பூஸ்டர் நல்லதா என்று நீங்களே ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் இறுகும் வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை இயக்குங்கள். பெடல் காலுக்கடியில் சிறிது இறங்கி நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது. பிறகு பெடலை மிதித்தபடியே எஞ்சினை நிறுத்தி 30 செக்கன் பிடியுங்கள். பெடல் மேலே தள்ளாமல் அதே உயரத்தில் நின்றால் பூஸ்டரில் காற்றுக் கசிவும் இல்லை. இந்த இரண்டும் சரி என்றால் பூஸ்டருக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். எஞ்சினை இயக்கும்போது பெடல் சிறிது இறங்குவது பூஸ்டர் உள்ள கார்களில் இயல்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைக் கண்டு பயந்து நல்ல மாஸ்டரைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. அதனால்தான் இறங்குகிறதா இல்லையா என்ற சோதனையை எப்போதும் முதலில் எஞ்சின் நிறுத்திய நிலையில் செய்யச் சொல்கிறேன்.

அந்தச் சோதனை இதுதான். எஞ்சின் நிற்கட்டும். பூஸ்டரில் மிஞ்சிய உறிஞ்சல் தீரும் வரை மிதித்துவிட்டு, பெருவிரல் பக்கத்தால் மட்டும் பெடலை மெதுவாக அழுத்தி ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருங்கள். பிறகு அதையே முழுப்பலத்தோடு மிதித்துச் செய்யுங்கள். மெதுவான அழுத்தத்தில் பெடல் இறங்கி, பலமான அழுத்தத்தில் இறங்காமல் நின்றால், அது மாஸ்டர் பம்பின் உள் றப்பருடைய கையெழுத்து. ஏனென்றால் அந்த றப்பருக்கு ஒரு கிண்ணத்தின் விளிம்புபோல மெல்லிய உதடு இருக்கிறது. பலமாக மிதிக்கும்போது ஒயிலின் அழுத்தமே அந்த உதட்டைச் சுவரோடு நெரித்து அடைத்துவிடும். மெதுவாக மிதிக்கும்போது அந்த உதவி இல்லாததால் தேய்ந்த உதட்டைத் தாண்டி ஒயில் பின்னால் நழுவும். புகையிரதக் கடவையில் காத்து நிற்கும்போது யாரும் பலமாக மிதிப்பதில்லை, காலைச் சும்மா வைத்துத்தான் இருக்கிறோம். ஆகவே நீங்கள் சொன்ன அடையாளமும், போத்தலில் அளவு குறையவில்லை என்பதும் சேர்ந்து மாஸ்டரைத்தான் காட்டுகின்றன. வெளிக் கசிவு இல்லை என்று உறுதியானால், இதை நான் நூற்றுக்குத் தொண்ணூறு என்று சொல்வேன். மிச்சம் பத்தையும் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. மாஸ்டரிலிருந்து போகும் பைப்புகளைக் கழற்றி, அதே புரி உள்ள அடைப்பான்களால் மாஸ்டரின் வாய்களை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட்டு மிதித்துப் பாருங்கள். இப்போது ஒயிலுக்குப் போக வெளியே வழியே இல்லை. பெடல் உயரத்தில் கல்லாக நின்றால் மாஸ்டர் நல்லது, பிழை சில்லுகளின் பக்கம். அப்போதும் இறங்கினால் மாஸ்டரைத் தவிர வேறு எதையும் குற்றம் சொல்ல முடியாது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் மாதத்திலேயே காட்டுவது இதைத்தான்.

அப்படியானால் புதிய றப்பர் கிட் ஏன் இரண்டு கிழமையில் தோற்றது? இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் கராஜ்காரர் பிழையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், மருந்துதான் போதவில்லை என்பது என் எண்ணம். நீண்ட காலம் நின்ற காரின் மாஸ்டரைக் கழற்றி, பிஸ்டனை இழுத்து எடுத்து, குழலைத் துணியால் துடைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வாய்ப்பக்கத்தில் தினமும் றப்பர் ஓடிய பகுதி கண்ணாடிபோலப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு முடியும் இடத்தில் மண்ணிறத்தில் ஒரு வளையம் தெரியும். அதற்கு அப்பால் சுவர் மங்கி, குண்டூசி முனையால் குத்தியதுபோலச் சிறு சிறு பள்ளங்கள் இருக்கும். சுண்டுவிரலை உள்ளே விட்டு நகத்தால் அந்த வளையத்தைத் தடவினால் நகம் தடுக்கும். நகம் தடுக்கும் இடத்தில் றப்பர் உதடு அறுபடாமல் இருக்காது. நான் இப்படிக் கழற்றிய கிட்களில், போட்டு ஒரு மாதமும் ஆகாத புதிய றப்பரின் உதட்டில் பிறைபோல ஒரு வெட்டு விழுந்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இன்னொன்று, நல்ல மாஸ்டரையே இப்படிக் கெடுக்கும் ஒரு பழக்கமும் எங்களிடம் உண்டு. காற்று எடுக்கும்போது உதவிக்கு நிற்பவர் பெடலைத் தரை முட்ட மிதிப்பார். தினசரி ஓட்டத்தில் ஒருபோதும் போகாத, துரு உட்கார்ந்த ஆழத்துக்கு றப்பரை அது கொண்டுபோய் உரசிவிடுகிறது. காற்று எடுத்தபின் மாஸ்டர் போய்விட்டது என்று வந்தவர்களில் அதிகம் பேருக்கு நடந்தது இதுதான். பெடலுக்கடியில் ஒரு சிறு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதித்தால் பெடல் அந்த ஆழத்துக்குப் போகாது.

இனி அடுத்த அடையாளம், முதல் மிதியில் தாழ்ந்து இரண்டாவது மிதியில் உயர்வது. இதற்கும் மாஸ்டர் காரணமாக இருக்கலாம், ஆனால் இதை நான் தனிப் பிழையாகவே எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் இதன் வழமையான காரணம் பின்சில்லு லைனர்களுக்கும் டிரம்முக்கும் இடையே உள்ள அதிக இடைவெளி. முதல் மிதியில் தள்ளப்படும் ஒயில் முழுவதும் அந்த இடைவெளியைக் கடக்கவே செலவாகிறது. லைனர் திரும்பி வருவதற்குள் இரண்டாவது முறை மிதித்தால் மிச்ச ஒயில் சேர்ந்து பெடலை உயர்த்துகிறது. உங்கள் காரில் இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். காரைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கை இரண்டு பல்லு மட்டும் இழுத்துவிட்டு, கால் பிரேக்கை மிதியுங்கள். கை பிரேக் பின் லைனர்களை டிரம்முக்குக் கிட்டக் கொண்டுபோய்விடும். பெடல் உடனே உயரத்தில் பிடித்தால் குறை பின்சில்லுச் சரிப்படுத்தலில் இருக்கிறது என்பது உறுதி. இந்தக் கார்களில் டிரம்முக்குள் ஒரு நட்சத்திரச் சில்லு இருக்கும். அது தானாகவே இடைவெளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நான்கு வருடம் நின்ற காரில், அதுவும் விசுவமடுப் பக்கத்துக் கிரவல் தூசியும் மாரிகால ஈரமும் சேர்ந்த காரில், அந்தச் சில்லு இறுகிப்போயிருப்பதற்கே சாத்தியம் அதிகம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வாகனங்களின் டிரம்களை அடுத்த வருடம் முழுவதும் கழற்றினேன். ஒன்றிலாவது அந்தச் சில்லு கையால் சுழலும் நிலையில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, புரியில் சிறிதளவு சூடு தாங்கும் கிரீஸ் பூசி, லைனர் டிரம்மில் உரசும் வரை திருகி, உரசல் நிற்கும் அளவுக்குப் பின்னால் விட்டால் போதும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் கொம்பிரசர் காற்றால் ஊத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டோஸ் சேர்ந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள்.

கை பிரேக் சோதனையில் பெடல் உயரவில்லை என்றால் முன்சில்லைப் பார்க்க வேண்டும். இதில் நான் பட்ட ஒரு அனுபவத்தைச் சொல்லத்தான் வேண்டும். 2005ஆம் ஆண்டு ஒரு வானுக்கு இதே குறைக்காக இரண்டு முறை மாஸ்டர் மாற்றினேன். உரிமையாளர் தன் நெல்லை விற்ற காசைக் கொண்டுவந்து தந்தார். மூன்றாம் முறை அவர் வந்தபோதுதான் அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நேர்வீதியில் பெடல் நன்றாக இருந்தது; குழிகளில் விழுந்து, ஒரு வளைவில் திரும்பியபின் மிதித்த முதல் மிதி மட்டும் தாழ்ந்தது. முன்சில்லை ஜக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது பெயரிங் தளர்ந்து ஆடியது. சில்லு ஆடும்போது டிஸ்க்கும் சேர்ந்து ஆடி, பேடுகளை உள்ளே தள்ளிவிடுகிறது. அடுத்த மிதி அந்த இடைவெளியை நிரப்பவே போய்விடுகிறது. பெயரிங்கை இறுக்கியதும் குறை தீர்ந்தது. இரண்டு மாஸ்டருக்கும் அவரிடம் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பெடல் தாழ்கிறது என்று யார் வந்தாலும், எப்போது தாழ்கிறது, குழி வீதிக்குப் பிறகா, நின்ற நிலையிலா, சூடான பிறகா என்று கேட்காமல் ஒரு நட்டையும் கழற்றுவதில்லை. நீங்களும் இதைக் கவனித்துப் பாருங்கள்.

காற்றைப் பற்றிக் குறைவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் விபரத்தில் அதன் அடையாளம் இல்லை. காற்று இருந்தால் பெடல் பஞ்சுபோல அமுங்கும். எத்தனை முறை மிதித்தாலும் உயருமே தவிர அந்தப் பஞ்சுத்தன்மை போகாது. காற்றை எத்தனை தடவை எடுத்தும் பஞ்சாகவே இருந்தால் இரண்டு விடயங்களைப் பார்ப்பேன். ஒன்று, யாராவது முன்சில்லில் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர்களை இடம் வலம் மாற்றிப் பூட்டி, காற்றை வெளியே விடும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிட்டதா என்பது. காற்று மேலே நிற்கும், நிப்பிள் கீழே இருந்தால் அது ஒருபோதும் வெளியே வராது. மற்றது ஹோஸ்கள். உங்கள் காரில் முன்னால் இரண்டும், பின் அச்சுக்குப் போகும் ஒன்றுமாக மூன்று றப்பர் ஹோஸ்கள் உண்டு. ஒருவர் மிதிக்கும்போது இன்னொருவர் ஹோஸை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால், பழுதானது கைக்குள் ஊதுவது தெரியும். வெளித்தோலில் வெடிப்புத் தெரிந்தால் ஊதினாலும் ஊதாவிட்டாலும் மூன்றையும் மாற்றுங்கள். நாற்பது வருடக் காரில் அதை நான் செலவாகக் கணக்கிடுவதில்லை.

ஒயில் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்புகிறேன், ஆனால் சரிபார்க்காமல் விட மாட்டேன். போத்தலில் இன்றைய அளவில் ஒரு கோடு கீறி, ஒரு கிழமைக்குப் பிறகு பாருங்கள். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ஒயில் குறையக்கூடிய ஓர் இடம் உண்டு: மாஸ்டரின் பின்பக்க றப்பர் கசிந்தால் ஒயில் நேரே பூஸ்டருக்குள் போய்த் தேங்கும், எஞ்சின் அதை உறிஞ்சினால் சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். மாஸ்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்களைக் கழற்றி, பைப்புகள் வளையாத அளவுக்குச் சற்று முன்னால் இழுத்து, இடையே விரலை விட்டுப் பாருங்கள். விரல் நனைந்தால் அந்த மாஸ்டர் உடனே மாற வேண்டும்; உள்ளே அதிகம் தேங்கியிருந்தால் அப்போதுதான் பூஸ்டரின் பேச்சே எழுகிறது. பின் டிரம்களைக் கழற்றியிருக்கும்போதே லைனரைத் தள்ளும் வீல் பம்புகளின் தூசி மூடியை நுனிவிரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே இலேசான ஈரம் இருந்தால் பயமில்லை, சொட்டு விழுந்தால் மாற்ற வேண்டும். ஒயில் ஊறிய லைனரைப் பெற்றோலில் கழுவிப் போடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரு பக்கத்துக்குப் போட்டால் மறுபக்கத்துக்கும் சேர்த்துப் புதிதாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

இப்போது ஒயிலைப் பற்றி. நான்கு வருடம் நின்ற காரின் ஒயிலை அப்படியே வைத்து ஓடுகிறீர்கள் என்றால், மற்ற எல்லாம் நல்லதாக இருந்தாலும் அது தவறு. பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது நியமம். நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அந்த எல்லை 140 பாகையாகிவிடுகிறது. டொட் 4க்கு அவை 230, 155. எங்கள் வன்னி முழுவதும் சமதரை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்துவதும், மாடு குறுக்கே வந்தால் மிதிப்பதும் தவிர, பிரேக் சூடாவதற்கு இங்கே வேலையே இல்லை. அதனால் கெட்ட ஒயிலோடு வருடக்கணக்கில் குறை தெரியாமல் ஓடலாம். ஆனால் இதே ஏ9 வீதியில் குடும்பத்தோடு கண்டிக்குப் போய்விட்டுத் திரும்பி, மாத்தளைப் பக்கம் இறங்கும்போது தொடர்ந்து மிதிக்க வேண்டி வரும். அப்போது காலிப்பருக்குள் இருக்கும் ஒயிலில் உள்ள தண்ணீர் ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், நல்ல மாஸ்டர் இருந்தும் பிரேக் இராது. ஒயில் கறுத்துக் கோப்பிபோல இருந்து, போத்தலின் அடியில் கூழ்போல ஏதாவது படிந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் மாற்றுங்கள்.

கூழைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியபோது, பிரேக் ஒயில் கிடைக்காமல் எஞ்சின் ஒயிலை ஊற்றிக் கொண்டுவந்த வாகனங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று நாள் பிரேக் பிடிக்கும். பிறகு றப்பர்கள் எல்லாம் ஊறவைத்த கடலைபோல வீங்கி, பிடித்த பிரேக் விடாது, சில்லு கொதிக்கும். அந்தக் காலம் போய்விட்டது, ஆனால் அவசரத்தில் பவர் ஸ்டியரிங் ஒயிலை ஊற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் கிட் இரண்டு கிழமையில் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். துருவைவிட இதற்குச் சாத்தியம் குறைவு என்றாலும் பார்ப்பது சுலபம். போத்தலிலிருந்து சில சொட்டு எடுத்து, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். வழமையான பிரேக் ஒயில் தண்ணீரோடு கரைந்துவிடும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் வேறு ஒயில் கலந்திருக்கிறது. அப்படியானால் மாஸ்டர் மட்டுமல்ல, வீல் பம்பு, காலிப்பர், ஹோஸ் என்று றப்பர் உள்ள அத்தனையும் மாற வேண்டும். அப்படி இருக்காது என்று நம்புகிறேன்.

மாஸ்டர்தான் என்று உறுதியானால், இரண்டாவது முறையாகக் கிட் வாங்காதீர்கள். நகம் தடுக்கும் குழலுக்குக் கிட் போடுவது காசை வீதியில் போடுவதற்குச் சமம். புதிய மாஸ்டர் வாங்குங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய், குழலின் விட்டமும், பைப் புரிகளும், பூஸ்டர் பக்கத்து ஆழமும் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே வைத்து ஒப்பிடுங்கள். பெட்டியில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்ப வேண்டாம். போலிகள் எங்கும் இருக்கின்றன. பழைய சாமான் கடையில் கிடைக்கும் பாவித்த மாஸ்டரை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அது எத்தனை வருடம் காய்ந்து கிடந்தது என்பது விற்பவருக்கே தெரியாது. லேத்தில் கடைந்து உறை போட்டுத் தருபவர்கள் உண்டு. நல்ல கையால் செய்தால் அது நீண்ட காலம் உழைக்கும். ஆனால் யாருடைய கை நல்லது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

பூட்டும்போது இரண்டு விடயத்தில் கண் வையுங்கள். பூஸ்டரிலிருந்து மாஸ்டரைத் தள்ளும் கம்பி சற்று நீண்டுவிட்டால், கால் எடுத்தபின்னும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. சில கிலோமீற்றர் ஓடியதும் பிரேக் தானாக இறுகத் தொடங்கும். பூட்டி முடிந்தபின் போத்தலின் மூடியைத் திறந்து, ஒருவர் பெடலை மிக மெதுவாகத் தொடும்போது ஒயிலின் மேற்பரப்பைப் பாருங்கள். தொட்டவுடன் ஒரு சிறு சுழிப்பு எழுந்தால் ஒயில் திரும்பும் துவாரம் திறந்திருக்கிறது, கம்பி அளவாக இருக்கிறது. பெடலின் மேற்புறத்தில் 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை சும்மா ஆடும் இடமும் இருக்க வேண்டும். மற்றது காற்று எடுக்கும் ஒழுங்கு. புதிய மாஸ்டரில் முதலில் மாஸ்டரிலேயே காற்றை எடுத்துவிட்டு, அதற்கு மிகத் தூரமான இடது பின்சில்லிலிருந்து தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள். எங்கள் கார்களில் மாஸ்டர் வலப்பக்கம் இருப்பதால் இந்த ஒழுங்கு. நிப்பிளில் ஒரு தெளிவான ரியூப் போட்டு, அதன் மறுநுனியை ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்தி வையுங்கள். மிதி, பிடி, திற, மூடு, பிறகுதான் விடு. இந்த வரிசை மாறினால் எடுத்த காற்று திரும்பிப் போகும். பெடலுக்கடியில் மரக்கட்டை இருக்கட்டும். பழைய ஒயில் முழுதாக வெளியேறும் வரை செய்ய அரை லீற்றருக்கு மேல் தேவைப்படும். திறந்த ரின்னில் மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம். காரின் மையில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் மை உரிந்துவிடும்.

கடைசிக் கேள்வி. விசுவமடுவிலிருந்து வவுனியாவுக்கு நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். இந்தக் காரில் போகாதீர்கள், கிளிநொச்சிக்கும் போகாதீர்கள். உங்கள் காரில் முன்னுக்கும் பின்னுக்குமாக இரண்டு தனித்தனிச் சுற்றுகள் இருக்கின்றன என்பதும், ஒன்று போனால் மற்றது ஓரளவாவது பிடிக்கும் என்பதும் உண்மைதான். மொறிஸ் மைனர்போல ஒரே சுற்றுள்ள காராக இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிராது. ஆனால் உங்கள் காரில் அந்த இரண்டு சுற்றும் தங்கியிருப்பது ஒரே மாஸ்டருக்குள்தான், அந்த மாஸ்டரைத்தான் நாம் சந்தேகிக்கிறோம். உங்கள் பக்கத்தில் மாலையில் மாடுகள் வீதியில்தான் படுத்திருக்கும். அங்கே இரண்டாவது மிதிக்கு நேரம் கிடைக்காது. மாஸ்டரைக் கழற்றி, ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோங்கள். கடையில் ஒப்பிட எப்படியும் அது கையில் வேண்டும். வேலை முடிந்தபின் வீதிக்கு ஏறுமுன் வளவுக்குள்ளேயே, நடக்கும் வேகத்தில் பத்துத் தடவை நிறுத்திப் பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்தப் பெருவிரல் சோதனையை இன்னொரு முறை ஒரு முழு நிமிடம் செய்து, பெடல் எவ்வளவு இறங்கியது, கை பிரேக்கை இரண்டு பல்லு இழுத்தபோது அது உயர்ந்ததா, தண்ணீரில் விட்ட சொட்டுக் கரைந்ததா என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.